‘மாத்தா கெலாப்’: ஒரு சொல்லாராய்ச்சி

எங்கள் பேராக் உலகுக்கு அளித்த கொடை ஈயமும் ரப்பரும் என்பார்கள். மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்: ‘மாத்தா கெலாப்’ என்னும் சொல். மலாயில் மாத்தா என்றால் கண், கெலாப் என்றால் இருட்டு. மாறுவேடத்தில் வரும் துப்பறிவாளருக்கு இத்திருநாமம் வந்தது ஏன்? இதை ஆராயும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, செமோர்ப் பக்கத் தோட்டமொன்றின் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா, ஆகிய நான் ஏற்றேன்.

ஆராய்ச்சி விபத்தில் தொடங்கியது. ஸ்டோரில் ரப்பர் ஷீட் களவு போகிறதென்று 1926இல் ஈப்போவிலிருந்து துப்பறிவாளர் ராமையா, பால்மரம் வெட்டும் ஆள் வேடத்தில் வந்தார். பால்கறையே படாத சலவை வேட்டி. காலில் போலீஸ் பூட்ஸ். கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வரிசை கட்டிய ஆள்கள் அத்தனை பேரும், மரியாதைக்காக, ஒன்றும் தெரியாதவர்கள் போல நின்றார்கள். நான்தான் பரவசப்பட்டு, “வாங்க, மாத்தா கெலாப் ஐயா!” என்று கூவிவிட்டேன்.

வரிசையில் நின்ற பால்வெட்டு ஆள் அப்பாவு வாய்விட்டுச் சிரித்தான்.

ராமையாவுக்குத் ‘துப்பு’ உடனே துலங்கியது. “நீதான்டா திருடன்!”

“சிரிச்சா திருடனாங்கய்யா?”

“திருடாதவனுக்கு என்னடா சிரிப்பு?”

என்ன தர்க்கம்! அப்பாவு கொட்டகையில் பூட்டப்பட்டான். சாயங்காலம் ஈப்போ லாக்கப்புக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ராமையாவின் கருணையையும் சொல்லவேண்டும். அன்று மத்தியானம் பெரிய கிராணி உடையப்பனின் புல்வண்டி சேற்றில் சிக்கியது. ஒரு சக்கரத்துக்கு ராமையா தோள் கொடுத்தார், மறு சக்கரத்துக்கு நான். புல் இரும்பாய்க் கனத்தது. ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையின் வாசம் வேறு அடித்தது. உயர்ந்த ரகப் புல் போலும்.

வண்டி நகர்ந்ததும் ராமையாவிடம் கேட்டேன். “ஐயா, உங்க பேருக்கு அர்த்தம் என்னங்க?”

“இருட்டுலயும் தெரியுற கண்ணு லா!”

“மறைஞ்சு நின்னு பாக்குற கண்ணு. எழுதிக்கப்பா,” என்றார் வண்டிமேலிருந்து உடையப்பன்.

இரு பேருரைகளையும் சுமந்துகொண்டு கொட்டகைப் பக்கம் போனேன். வாசலில் அப்பாவுவின் மனைவி ராக்காயி, சோற்றுத் தூக்குடன் உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, அவருக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சு?”

என் சட்டையிலிருந்த சேற்றை அவள் பார்த்தாள்.

“எம் புருசன் சிரிச்ச பல்லு அவருக்குத் தெரியுது. பட்டப்பகல்ல வண்டியில ஷீட்டு போறது தெரியல. அதான். நீங்களுந்தான தள்ளுனீங்க, சின்னக் கிராணி? சேறு இன்னும் காயலியே. போயி தொரைகிட்டச் சொல்லுங்க. இல்லாட்டி அந்தப் பேர நீங்களும் வச்சிக்கிங்க லா.”