சும்மா ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர்

எட்டிப் பார்ப்பவர் என்றோர் இனம் நம்மிடையே வாழ்கிறது. அடுத்த வீட்டு ஜன்னலில் திருட்டுத்தனமாகக் கண்ணை வைக்கும் ஆசாமியை நான் சொல்லவில்லை. அவரைப் பிடித்து இரண்டு போடப் போலீஸ் இருக்கிறது. நான் சொல்பவர் அக்கறையினால் எட்டிப் பார்ப்பவர். உலையில் சோறு வெந்துகொண்டிருந்தால் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். விதை போட்ட தொட்டியில் மூன்றாம் நாளே விரலை விட்டு, முளை கிளம்பிவிட்டதா என்று கிளறுவார். தூங்கும் நோயாளியைத் தட்டி எழுப்பி, ராத்திரியெல்லாம் நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று விசாரிப்பார். பிறந்து ஒரு நாளான பிள்ளையின் போர்வையை விலக்கி, மூக்கு யார் சாடை என்று தீர்ப்புச் சொல்லி, பிள்ளை வீறிட்டு அழத் தொடங்கியதும், அதற்கு ஏதோ தொந்தரவு இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள் என்று தாயின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டுப் போவார். தொந்தரவு எது என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. தோன்றினால் அவர் அந்த இனமில்லை.

ஒரு வாக்கியத்தை வைத்து இவரைக் கண்டுபிடித்துவிடலாம். "சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுறேன்." அந்த ஒரு தடவை எத்தனை தடவை என்பதை இன்றுவரை யாரும் எண்ணி முடித்ததில்லை.

சாத்தூரில் எங்கள் தெருவில், எனக்கு அடுத்த வீட்டில், இந்த இனத்தில் ஒரு குறையுமில்லாத உருப்படி ஒன்று குடியிருக்கிறது. பெயர் ஜெபசுந்தர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில், அச்சாகி வரும் தாள்களைச் சரிபார்க்கிற வேலை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து ஒரு தாளை உருவி, கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்து, நிறம் விலகியிருக்கிறதா, சாமியின் உதட்டுச் சிவப்பு மீசையில் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்து சம்பளம் வாங்குகிறவர். தாம் பார்க்காமல் விட்ட எதுவும் சரியாக வந்திருக்க முடியாது என்று நம்புகிறார்.

அவர் மனைவி பியூலா, பிரசவ வார்டில் நர்ஸ். பிள்ளை பார்க்க வருகிற சொந்தபந்தங்களை, "கூட்டம் போடாதீக, பெத்தவ தூங்கட்டும்" என்று வராந்தா வரைக்கும் விரட்டியே குரல் கட்டிப்போனவர். ஆகவே அந்த வீட்டுப் பூனைக்குத் தலைப்பிரசவம் என்றதும், கொடுத்துவைத்த பூனை என்று தெருவே சொன்னது. பாவம், தெருவுக்கு என்ன தெரியும்?

பூனையின் பெயர் டயரி. போன வருஷம் டயரி சீசனில், பைண்டிங் பிரிவில் கழிவுக் காகிதக் குவியலுக்குள் கத்திக்கொண்டு கிடந்ததை ஜெபசுந்தர் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அதற்கே இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. அதற்குள் பங்குனி மாதத்து வெயிலில் நான்கு குட்டிகள். தகப்பன் யார் என்பதில் தெருவுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. அதற்குள் நாம் போக வேண்டாம்.

குற்றம் சொல்லக் கூடாது, ஜெபசுந்தரின் ஏற்பாடு பிரமாதமாக இருந்தது. காலண்டர் அடுக்கி அனுப்புகிற பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே துவைத்த பழைய கைலி. சாமான் போடுகிற அறையில், வெளிச்சம் படாத மூலை. பக்கத்தில் தண்ணீர், மீன்தலை. டயரியும் அதில் போய்ப் படுத்து ஒழுங்காகப் பெற்றுப் போட்டது. அவர் அத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போயிருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு வந்திருக்காது.

அவர் லீவு போட்டார்.

முதல் நாள், குட்டிகள் மூச்சு விடுகின்றனவா என்று பார்க்கத் திறந்தார். மூச்சு விட்டன. விட்டுக்கொண்டே இருக்கின்றனவா என்று பார்க்க மறுபடி திறந்தார். பியூலாவின் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒன்று மட்டும் இளைத்திருப்பதாகத் தோன்றியதால் கழுவி வைத்திருந்த இங்க் ஃபில்லரில் பசும்பால் எடுத்துக்கொண்டு குனிந்தார்; நல்லவேளை, பியூலா கையைப் பிடித்து நிறுத்தினார். கண் எப்போது திறக்கும் என்று தெரிய வேண்டுமென்று, கம்பெனி லென்ஸைக் கொண்டுவந்து மூடிக் கிடந்த இமைகளின் மேல் வைத்துப் பார்த்தார். பிறந்து இரண்டு நாளான ஒரு ஜீவன் இந்த உலகத்தில் முதன்முதலாக உணர்ந்தது குளிர்ந்த கண்ணாடியும், அதற்குப் பின்னால் மூக்குப்பொடி வாசமும்தான்.

பியூலா மட்டும் சும்மா இருந்தாரா? அக்கம்பக்கத்துப் பெண்களை வார்டில் விரட்டுகிற அதே குரலில் வாசலோடு விரட்டிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையிலிருந்து ஒன்பது பேர் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவர் சின்னதாக ஜெபமும் செய்தார். ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். டயரிக்கு அந்த வாரம் கிடைத்த ஓய்வு அந்த அரை நிமிஷம்தான். மற்றபடி குட்டிகளின் படம் காலை, மதியம், மாலை என்று ஜெபசுந்தரின் ஸ்டேட்டஸில் வந்துகொண்டிருந்தது. தெருவில் அவற்றைப் பார்க்காத கண் இல்லை. குட்டிகளின் சொந்தக் கண்கள்தான் இன்னும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் டயரி குட்டிகளைக் கழுத்தில் கவ்விக் கொண்டுபோய், பீரோவின் அடித்தட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பின்னால் வைத்தது. ஜெபசுந்தர் கண்டுபிடித்துப் பெட்டிக்கே கொண்டுவந்தார். நான்காம் நாள் கிரைண்டருக்குப் பின்னால். திரும்பவும் பெட்டி. ஐந்தாம் நாள் பரணில். ஏணி வைத்து ஏறி, மறுபடி பெட்டி.

"தலைப்பிரசவம் பாத்தீகளா, ஒண்ணும் தெரியல. பிள்ளைகளைத் தூக்கிட்டு அலையுது" என்று என்னிடம் வருத்தப்பட்டார். பொறுப்பில்லாத தாய்க்கு என்ன வைத்தியம்? இன்னும் அடிக்கடி பார்ப்பதுதான்.

எதிர்வீட்டு வேலுத்தாய்க்கு அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தெரு முக்கில் நிற்கும் கம்பெனி வேனில் ஆறு மணிக்கு ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். அதிகம் பேசாதவள். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏணியோடு வந்த ஜெபசுந்தரைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, மருந்து அடைச்சுக் காய வச்சதை நாங்க யாரும் தொட மாட்டோம். காஞ்சுச்சான்னு பாக்கக்கூடத் தொட மாட்டோம். இதையும் அப்படி நினைச்சு விட்டுருங்க."

ஜெபசுந்தர் சிரித்தார். பட்டாசும் பூனையும் ஒன்றா என்று கேட்டார். படிக்காத பிள்ளை என்று அவள் போன பிறகு என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

ஆறாம் நாள் விடிகாலையில் பால் பாக்கெட் வாங்கப் போனேன். தெரு முக்கிலிருந்து கம்பெனி வேன் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அது நின்ற இடத்தில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், டயரி நின்றது. வாயில் ஒரு குட்டி. போன வேனின் திசையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு குட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தப் பூனையிடமும் கேட்டதில்லை. அந்த வேனின் பின்கதவு சரியாக மூடாது. கடைசி சீட்டுக்கு அடியில் சாக்கு கிடக்கும். மூன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான்காவதை எடுக்கத் திரும்பியிருக்கிறது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஜெபசுந்தர் கைலியோடு ஓடிவந்தார். பியூலா வந்து கீழே கிடந்த குட்டியை முந்தானையில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கப் பால் குடிக்கணும். தகர வண்டி, வெயில்ல நிக்கும். சாயங்காலம் வர்றப்போ ஒண்ணும் மிஞ்சாதுங்க" என்றார் பியூலா.

வேன் டிரைவர் செந்தூர்பாண்டியின் நம்பரை அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. வேலுத்தாய் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஜெபசுந்தர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பைக்கில் அச்சங்குளம் பறந்தார். அவருக்கு அந்தக் குட்டிகள் மேல் உயிர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

கம்பெனி வாசலில் நடந்ததை அவரே பின்னால் சொன்னார். வாட்ச்மேன் பெயர் சங்கிலிமுத்து. வேன் உள்ளே இருக்கிறதா என்று இவர் கேட்க, வந்தது, உள்ளே போயிருக்கும் என்றார் அவர். வேலைக்காரர்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. இவர் கெஞ்சினார். போனை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தார். பைக் சாவியை ஒப்படைத்தார். செருப்பைக்கூடக் கழற்றி வைத்தார். கடைசியில் தம் வாழ்நாள் வாக்கியத்தை எடுத்துவிட்டார்: சும்மா ஒரு தடவை பாத்துக்கிடுறேன்.

சங்கிலிமுத்து சுவரெல்லாம் எழுதியிருந்த எச்சரிக்கைப் பலகைகளைக் காட்டினார். "சார், சும்மா ஒரு தடவை பாத்தவகளாலதான் இம்புட்டு போர்டு. அங்கன நிழல்ல உக்காருங்க, மேனேஜர் வரட்டும்."

ஜெபசுந்தர் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம். தாம் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி நினைத்துக்கொண்டு, லென்ஸுக்கு வேலையில்லாமல், திறக்க ஒரு மூடியும் இல்லாமல். மூன்றும் செத்துப்போயிருக்கும் என்றே முடிவு செய்துவிட்டதாகவும், வேப்பமரத்தடியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுததாகவும் சொன்னார்.

அந்த நேரத்தில் வேன் எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் தெரு முக்கில்.

வண்டி பாதி வழி போகும்போதே சீட்டுக்கு அடியில் கீச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது. வேறு பெண்கள் குனியப் போக, யாரும் தொடக் கூடாது என்று வேலுத்தாய் தடுத்துவிட்டாள். யார் வீட்டுக் குட்டி என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டேட்டஸ் பார்க்காதவர் வண்டியில் ஒருவருமில்லை. ஆட்களை இறக்கிவிட்டு அங்கேயே மாலைவரை நிற்கிற வேனை, அன்று மட்டும் உடனே திருப்பி ஓட்டச் சொல்லியிருக்கிறாள். பின்வாசல் வழியாக வெளியேறி வேறு பாதையில் வந்ததால் சங்கிலிமுத்துவுக்கும் தெரியவில்லை, ஜெபசுந்தரை எதிரிலும் பார்க்க முடியவில்லை. நாங்கள் விஷயத்தைச் சொல்ல ஜெபசுந்தருக்குப் போன் அடித்தோம், அடித்தோம், அது சங்கிலிமுத்துவின் மேஜை டிராயரில் கிடந்து பாடிக்கொண்டிருந்தது.

செந்தூர்பாண்டி வண்டியைப் பழைய எண்ணெய்க் கறைமேலேயே நிறுத்தினார். பின்கதவை முழுதாகத் திறந்து வைத்தார். நான் ஓடிப்போய் சீட்டுக்கு அடியில் குனியப் போனேன். என் தோளில் செந்தூர்பாண்டியின் கை விழுந்தது.

"கதவைத் திறந்து வச்சிட்டு டீ குடிக்கப் போயிருன்னு வேலுத்தாய் அக்கா சொல்லிருக்கு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னும் சொல்லிருக்கு. வாங்க."

இருவரும் டீக்கடையில் வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான டீயை நான் குடித்ததில்லை. திரும்பி வந்தபோது சாக்கு காலியாகக் கிடந்தது.

ஜெபசுந்தர் வீடு வந்து சேர்ந்த சமயம், டயரி தனியாக அவர் வீட்டு வாசற்படியில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. நான்காவது குட்டி இன்னும் பியூலாவின் மடியில் இருந்தது. டயரி அதுவரை வீட்டுப் பக்கமே அண்டாததால் காலையிலிருந்து பால் இல்லை. கத்தக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. ஜெபசுந்தர் அதை வாங்கிக்கொண்டார். அவருடைய மற்றொரு கை தன்னால் சட்டைப் பைக்கு, லென்ஸுக்குப் போனது. பியூலா அவரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

கை பையிலிருந்து வெறுமனே வெளியே வந்தது. குட்டியைத் தரையில் வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பி, தாம் சரிபார்த்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பங்குனி மாதத்துத் தேதிகளை ஒன்றிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்துத் திரும்பியபோது குட்டியுமில்லை, டயரியுமில்லை. நடுவில் பீரோக் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்ததைப் பிற்பாடு ஒத்துக்கொண்டார். இனம் என்றால் சும்மாவா?

எங்கே போயின? இரண்டு நாள் தெருவே தேடியது. எங்கே தேடியும் கிடைக்காமல் ஜெபசுந்தருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலுத்தாய் அவரிடம் வந்து, நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு இந்தத் தெருவில் தன் வீடு ஒன்றுதான் என்று மட்டும் சொன்னாள்.

"நாலும் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"சத்தம் கேக்குதுண்ணே."

"நீ பாக்கலையா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? கேட்டாப் போதாதா?"

ஜெபசுந்தர் அன்றைக்குச் சோறு சாப்பிட்டார். வேலைக்கும் போகிறார். நான் அவரைப்போல இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வாரத்தில் மட்டும் எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டதென்று மூன்று தடவை வேலுத்தாய் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். மூன்று தடவையும் அவள் ஜன்னல் வழியாகத்தான் உப்பைக் கொடுத்தாள்.

நீங்கள் எங்கள் இரண்டு பேரையும்போல இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனை நேரம் சொல்லியும் அந்த நான்கு குட்டிகளும் என்ன நிறம் என்று நான் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? கறுப்பா, பழுப்பா, தாய் மாதிரியா, தகப்பன் மாதிரியா என்று தெரிந்துகொள்ள, சும்மா ஒரு தடவை மேலே போய்த் தேடிப் பார்க்கலாமா என்று இப்போது தோன்றுகிறதல்லவா?

தயவுசெய்து மூடியைப் போடுங்கள்.