பதவிக்கு இருபது நாள் முன்னால் திறந்த வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அத்தானும் சுகம் என்பது நேற்று நீங்கள் பால்கனியில் துணி உலர்த்தியபோதே தெரிந்தது. நான் கையசைத்தேன். நீ ஒரு போர்வையை விரித்து என்னை மறைத்துவிட்டாய். முப்பது அடி தள்ளியிருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே, போனைத்தான் நீ எடுப்பதில்லையே.

நடந்ததை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கத் தேர்தலில் ஜெயித்தேன் அல்லவா, பதவி ஒன்றாம் தேதிதான் கைக்கு வரும், அதுவரை பல் டாக்டர்தான் தலைவர். நான் சும்மா இருந்திருக்கலாம். பாராட்டுக் கூட்டம் என்று மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் மாடி வக்கீல் எழுந்து, "பக்கத்துக் கட்டடத்தோட நம்ம கொள்கை என்ன சார்?" என்று கேட்டார். எனக்குக் கொள்கை வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும். கைதட்டல் ஆசையில், "ஒண்ணாந்தேதியிலேருந்து நடுக்கதவுக்குப் பூட்டு! அந்தக் கட்டடத்துக்காரங்களுக்கு நம்ம வளாகத்துல என்ன வேலை?" என்று முழங்கிவிட்டேன். தட்டினார்கள் அக்கா, ரொம்ப நேரம் தட்டினார்கள். ஒலிபெருக்கியை உங்கள் பால்கனி பக்கம் திருப்பி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

நம் இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலிருக்கிற அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் பூட்டு. காலையில் எங்கள் வாட்ச்மேன் ஒன்றைத் திறப்பான், உங்கள் வாட்ச்மேன் மற்றதை. நான் பேசிய மறுநாளே உங்கள் ஆட்கள் தங்கள் பூட்டைத் திறக்கவில்லை. பல் டாக்டரிடம் ஓடினேன். "மூணு வருஷம் பேசிப் பேசித் திறக்க வச்ச கதவு சார். இப்ப நான் சமாதானம் பேசப் போனா, 'நீங்க போயிடுவீங்க, வர்றவர் சொல்றதுதானே நடக்கும்'ங்கறாங்க. நீங்க போனா, 'உங்களுக்குக் கையெழுத்துப் போடவே இன்னும் அதிகாரம் இல்லையே'ம்பாங்க. இருக்கறவன் பேச்சும் எடுபடல, வரப்போறவன் பேச்சும் எடுபடல" என்றார். ஊரையே வாயைத் திற என்று சொல்லிப் பிழைக்கிற மனுஷர், என்னிடம்தான் முதல்முறையாக "வாயை மூடிட்டு இருங்க" என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தேன். அடுத்த ஸ்டேஷனில் கேட்காமல் ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட விட்டதில்லை. வார்த்தையை மட்டும் கேட்காமல் கொள்ளாமல் விட்டுவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று நீதான் சின்ன வயதில் சொல்லிக் குட்டுவாய்.

மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று தரம் உன்னைப் பார்க்க வந்தேன். உங்கள் வாட்ச்மேன், "அந்தக் கட்டடத்துக்காரங்களுக்கு இங்க என்ன வேலை?" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

பதினோரு நாளாக, நீ வருகிற பத்து மணிக்குப் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டு, இரண்டையும் நானே குடிக்கிறேன். என் வீட்டுக்காரி போன பிறகு இந்த வீட்டில் என்னைத் தவிர நடமாடியது நீ ஒருத்திதான், அதுவும் அந்த வலிக்கிற முழங்காலோடு. மைக்கைப் பிடித்த நேரத்தில் நீயும் அந்தக் கட்டடத்துக்காரிதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அக்கா என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னும் ஒன்பது நாள். அதுவரை யாரைப் பற்றியும் வாயே திறப்பதில்லை. பதவி வந்ததும் முதல் கையெழுத்து அந்தக் கதவைத் திறக்கத்தான். அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
வாயடங்கிய உன் தம்பி

பி.கு.: இதை எங்கள் வாட்ச்மேனிடம் கொடுக்கப் போனேன். மேற்குப் பக்கக் கட்டடத்துக்காரர்கள் எங்கள் சுவரோரம் மணலைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனசு கேட்கவில்லை. 'ஒன்றாம் தேதி முதல் மேற்குக் கதவும் மூடப்படும்' என்று லிஃப்டில் எழுதி ஒட்டி, 'வருங்காலத் தலைவர்' என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். "ஏன் சார், உங்க வீட்ல காபி குடிச்சிட்டு அக்கா அந்த வழியாத்தானே முழங்கால் டாக்டர்கிட்ட போவாங்க?" என்கிறான் வாட்ச்மேன். கிழிக்க ஓடினேன். அதற்குள் வக்கீல் படம் எடுத்து மேற்குக் கட்டடத்துக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். அவர்களும் பூட்டு வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார்களாம்.