மெம்பர் ஹலோ

எங்கள் ஊருக்கு வந்த எந்தத் தலைவரும் ஹலோவுக்குப் பயப்படாமல் பேசியதில்லை. போலீஸை ஏசுவார்கள், எதிர்க்கட்சியை ஏசுவார்கள், வெள்ளைக்காரன் போன பிறகும் அவனை விடாமல் ஏசுவார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒல்லி மனிதரை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, எக்ஸ்பிரஸ் ரயில்கள் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓடுகிற ஊர் அது. அங்கே இருந்த ஒரே மைக் செட் அவருடையது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கூட்டம் தொடங்குமுன் மைக்கைத் தட்டி "ஹலோ... ஹலோ..." என்பாரே, அதுவே பெயராகிவிட்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை.

அவருடைய மைக் செட்டுக்கு ஒரு வியாதி. பொய் தாங்காது. ஒரு தலைவர், "நான் ஜெயித்தால் பாலாற்றில் பன்னிரண்டு மாதமும் தண்ணீர்..." என்றார். மைக் செத்துப்போனது. உள்ளூர் விஷயம் பேசியபோது உயிர் வந்தது. மறுபடியும் பாலாறு என்றார், மறுபடியும் செத்தது.

"இன்னா ஹலோ, கரெக்டா அந்த எடத்துல நின்னுடுது?" என்று எங்கள் பஞ்சாயத்து போர்டு தலைவர் மேடையிலிருந்து குனிந்து அதட்டினார்.

"நானா நிறுத்தறேன் தலைவரே? பேட்டரி தாங்கல."

நான் அந்த போர்டு ஆபீஸில் கிளார்க். தலைவர் எனக்கு எஜமானர் மாதிரி. ஆகவே சிரிப்பை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டேன்.

அந்த வருஷம் கீழ்த்தெருக் கிணற்றில் தோல் பதனிடும் ஷெட்டின் கழிவு இறங்கிவிட்டது. தண்ணீர் டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தது, வாசனை மட்டும் டீயாக இல்லை. பெண்கள் ரயில் பாதையைத் தாண்டி, குடத்தோடு அடுத்த ஊர்வரை நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒரு கர்ப்பிணிப் பெண் விழுந்து, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் நடந்த கூட்டத்தில் தலைவர் கை உயர்த்திச் சொன்னார்: "கீழ்த்தெரு மக்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொடுத்துவிட்டோம்!"

மைக் சாகும் என்று எல்லோரும் காத்திருந்தோம். சாகவில்லை. ஹலோ எழுந்து மேடைக்கு வந்தார். தலைவரின் வாய்க்கு முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஹலோ... ஹலோ... இன்னும் குடுக்கலீங்க."

திருப்பி வைத்துவிட்டு, போய்த் தன் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தலைவருக்கு மீசை ஆடியது. "ஆட்சி பண்றது இன்னா, மைக் கட்டற வேலையாடா? தெரிஞ்சவங்கதான் பண்ணணும். தைரியமிருந்தா எலக்ஷன்ல நின்னு மெம்பரா வந்து பேசு!"

"தெரிஞ்சிக்கினேவா பொறந்தீங்க தலைவரே? நிக்கறேன்."

நின்றார். ஆனால் ஒரு சிக்கல். தேர்தல் முடியும்வரை மைக் செட்டைத் தலைவர் கட்சிக்கு வாடகைக்குக் கொடுப்பதாக முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். "ரிப்பேர்னு சொல்லிடுங்க" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

"வாக்கு குடுத்தப்புறம் இன்னா ரிப்பேரு?" என்றார் ஹலோ.

அதன் பிறகு நடந்ததை உலகத்தில் வேறெந்த ஊரும் பார்த்திருக்காது. ஊரில் உள்ள அத்தனை குழாய் ஸ்பீக்கரும் ஹலோவைத் திட்டின, ஹலோவே பேட்டரி மாற்றிக் கொடுத்தார். "ஒயர் முறுக்கறவனுக்கு ஓட்டுப் போட்டா ஊரு உருப்படுமா?" என்று பேச்சாளர் கத்தினால், ஹலோ சத்தத்தைக் கூட்டுவார். "கடைசித் தெருவுக்கும் கேக்கட்டும்" என்பார். அவர் பங்குக்குப் பிரசாரம் என்பது பகலில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பழக்க தோஷத்தில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு, கும்பிடு போடுவதோடு முடிந்தது. தன்னைத் திட்டுகிறவனுக்கும் நேர்மையாக வேலை செய்கிற ஆள் என்று ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. ஜெயித்துவிட்டார்.

முதல் போர்டு கூட்டத்தில் எழுந்து, மேஜை விளிம்பை விரலால் தட்டி, "ஹலோ" என்று தொடங்கினார். மெம்பர்கள் போண்டாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவர் தீர்மானம் கொண்டுவந்தார்: கீழ்த்தெருவுக்குக் குழாய்.

"உன்கிட்டதான் அத்தினி குழாய் இருக்குதே மெம்பர், ஒண்ணைக் கட்டி விடு" என்றார் தலைவர். வழிமொழிய ஒரு ஆள் இல்லை. தீர்மானம் போண்டா ஆறுவதற்குள் செத்தது. குழாய்க்கென்று வந்திருந்த பைப்புகளைத் தலைவரின் மச்சானுடைய புது தோல் ஷெட்டுக்குத் திருப்பும் பேச்சும் அன்றே காதில் விழுந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹலோவுக்கு ஆட்சி நடைமுறை சுத்தமாகத் தெரியாதுதான். ஒரு முறை தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே கை தூக்கிவிட்டு, "எல்லாரும் தூக்கினாங்களே, நல்லதுக்குன்னு நெனச்சேன்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்து, தலைவர் ஆட்கள் அவர் பிழைப்பில் கை வைத்தார்கள். கட்சிக் கூட்டங்களுக்கு வேலூரிலிருந்து மைக் வந்தது. தலைவருக்குப் பயந்து கல்யாணக்காரர்களும் வேலூருக்குப் போனார்கள். ஹலோ வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. தலைவர் ஆபீஸில் என் எதிரிலேயே அவரிடம் பேசினார்: "எதுக்குப் பேஜாரு? நம்ம கட்சியில சேந்துடு. நாளைக்கே எல்லா ஆர்டரும் திரும்ப வரும். உனக்கும் அரசியல் கத்துக் குடுக்கறேன்."

"கத்துக்கினா நானும் உங்கள மாதிரி ஆய்டுவேனே தலைவரே. அப்புறம் கீழ்த்தெருவுக்கு யார் இருக்காங்க?"

அன்று மாலை அவர் மனைவி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். சமாதானமாகப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "கிளார்க் சார், இவரு பாட்டுக்கு உம்முனு உக்காந்துக்கினு இருக்காரு. ஊட்ல செட்டு சும்மாதானே கெடக்குது, இங்க எடுத்தாந்து கட்டச் சொல்லுங்க. உள்ள இன்னா பேசறாங்கன்னு நாங்களும் கேக்கறோம்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு ஹலோ கைவண்டியில் வந்தார். ஆம்ப்ளிஃபயர் மேஜையில். குழாய் ஸ்பீக்கர் ஆபீஸ் கூரையில், கடைத்தெருவைப் பார்த்து.

தலைவர் என்னை முறைத்தார். "இதுக்குச் சட்டத்துல எடமிருக்கா?"

"கூடாதுன்னு எங்கேயும் இல்லைங்க" என்றேன். என் வேலை போய்விடலாம் என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஐந்து வருஷமாக வாயே திறக்காத ஒரு மெம்பர், தன் குரல் கடைத்தெருவில் இடிபோல் விழுவதைக் கேட்டதும் தெருநாய்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இன்னொருவர் தொண்டையைச் செருமியது பிரியாணிக் கடைவரை கேட்டதாம். பிறகு ஹலோ மைக்கைப் பிடித்தார்.

"ஹலோ. வந்த பைப்பு கீழ்த்தெருவுக்கா, தலைவரோட மச்சான் ஷெட்டுக்கா? எனக்கு அரசியல் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

மைக்கைத் தலைவர் முன்னால் வைத்தார். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், காலிக் குடங்களோடு கீழ்த்தெருப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

தெருநாய் மெம்பர்தான் முதலில் எழுந்தார். தன் பெயர், தகப்பனார் பெயர், வார்டு எல்லாம் ஊருக்குக் கேட்கச் சொல்லி, "கீழ்த்தெருக் குழாய்த் தீர்மானத்தை வழிமொழிகிறேன்!" என்று முழங்கினார். அப்புறம் கைகள் போட்டி போட்டுக்கொண்டு உயர்ந்தன. கடைசியில் தலைவர் கையும் உயர்ந்தது. "இது என்னுடைய நெடுநாள் கனவு" என்று வேறு மைக்கில் சொன்னார். ஹலோ சத்தத்தைக் குறைக்கவில்லை.

கீழ்த்தெருவில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஆபீஸில் மைக் கூடாதென்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த தேர்தலில் தலைவர் பணத்தை இறைத்தார், ஹலோ தோற்றார். தோற்ற மறுநாள் ஒரு காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்.

அரசியல் தெரிந்தவர்கள்தான் ஆளவேண்டும் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் வாதாட வந்தால் நான் விடுவதில்லை. ஹலோவுக்குத் தெரியாதது ஏராளம், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் தெரிந்ததை வைத்து என்ன செய்தார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனும் நான்தான். பிறகு மாற்றல் மாற்றலாகப் போய் எத்தனையோ தலைவர்களிடம் வேலை பார்த்தேன். அவர்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன், போனதும் உட்கார்ந்தேன்.

ஹலோ என்னைப் பார்க்க வந்தால் மட்டும், எழுந்து நிற்கத் தோன்றாது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கத்தான் தோன்றும்.