எங்கள் வளவில் ரோமர்கள்

2023 ஏப்ரல் 22, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். லண்டன், ரெய்னர்ஸ் லேனில் ஒன்பது பாகை வெப்பம் (வெப்பம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு). குடையை விரித்தால் நின்று, மடக்கினால் தொடங்குகிற வகைத் தூறல். அந்த வேளையில்தான் எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் ரோமப் பேரரசைக் கண்டுபிடித்தேன்.

உலோகம் தேடும் கருவி நான் கேட்டு வந்ததல்ல. ஓய்வு பெற்றபின், யார் எந்த விளக்கை எத்தனை நிமிடம் எரியவிட்டார்கள் என்று நான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தாங்காமல் மகள் வாங்கித் தந்தது. "அப்பா, வெளியில போய் எதையாவது தேடுங்கோ. எங்களை விடுங்கோ." தேடினேன். முதல் மாதத்தில் பதினேழு போத்தல் மூடி, ஒன்பது ஆணி, ஒரு கரண்டி. கரண்டி எங்களுடையது.

அன்று கருவி வேறு குரலில் கத்தியது. ஓர் அடி ஆழத்தில், சுண்டுவிரல் நீளத்தில், பச்சைக் களிம்பு ஏறிய ஒரு சுருள். மெல்லிய தகட்டை யாரோ சுருட்டிப் புதைத்திருந்தார்கள். வெளியே தெரிந்த ஓரத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவே ஏதோ கீறல்கள். இடம், வளவின் வடகிழக்கு மூலை. (வாசகர்களில் பாதிப் பேர் இந்நேரம் விஷயத்தைப் பிடித்திருப்பீர்கள். எனக்குப் பதினெட்டு நாள் எடுத்தது.)

கணினியில் உட்கார்ந்தேன். ரோமர்களுக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. சாமான் களவுபோனால் கள்ளனின் பெயரைத் தகட்டில் கீறி, சாபம் எழுதி, சுருட்டிப் புதைத்துவிடுவார்களாம். பெரும்பாலும் ஈயத் தகடு. என்னுடையது செம்பு. செம்பிலும் சில உண்டு என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. எனக்கு ஓரிடம் போதுமாயிருந்தது.

சுருளைப் பஞ்சில் வைத்து, மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு போய், தொல்பொருள் பார்க்கும் அலுவலர் ஒருவரிடம் கொடுத்தேன். இளம் வெள்ளைக்காரப் பெண். "சொல்வதற்கில்லை, விரித்துப் பார்க்கலாம்" என்றார். அவர் 'சொல்வதற்கில்லை' என்றதை நான் 'ஓம், ரோமர்தான்' என்று எடுத்துக்கொண்டு, வீடு திரும்புமுன் பதினொரு பேருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டேன். கிங்ஸ்பரியில் இருக்கும் சம்பந்தி மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"ரோமரோ? ரெய்னர்ஸ் லேன்லயோ? எந்த ஸ்டேஷன்ல இறங்கினவை?"

பொறாமை என்று குறித்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் அலுவலர் அழைத்தார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே என் மனைவி பரமேஸ்வரி கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"தகடு அழகாக விரிந்துவிட்டது. ஆனால் எழுத்து லத்தீன் இல்லை. இங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் வாசித்தார். மேலே ஏதோ மந்திரம். கீழே ஓர் ஆளின் பெயர்."

"கள்ளனின் பெயர்!" என்றேன்.

"கந்தையா சிவபாதம், கேட்டை நட்சத்திரம். அப்படி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். பிறந்ததிலிருந்து அறுபத்தொன்பது வருடப் பழக்கம்.

லீக்ஸ் வெட்டிய கத்தி நின்றது.

"இஞ்சாருங்கோ, அது வீடு குடிபூரலுக்கு ஐயர் வைச்ச தகடெல்லே! வீட்டுக்குக் காவலா நாலு மூலையிலயும் தாட்டது. அண்டைக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

வாசலில் வாடகைக் கதிரை எண்ணிக்கொண்டு நின்றேன். அறுபதில் ஒன்று குறைந்தது.

"இருபத்தேழு வருசம் எங்களைக் காத்த சாமானைக் கிண்டி எடுத்து மியூசியத்தில குடுத்திட்டீங்கள். விசரே உங்களுக்கு? பாத்துக்கொள்ளுங்கோ, அது இல்லாமல் நான் ஒப்பரேஷனுக்குப் போகமாட்டன்."

நான் கலண்டரை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய வலது முழங்காலை மாற்றுவதற்கு அடுத்த வாரத் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். பதினாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். படி ஏற ஏலாமல் அவள் கீழறையில் படுக்கத் தொடங்கி ஒரு வருடம். இந்த நாளைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். முழங்கால் தகட்டையும் தொல்பொருளையும் அறியாது என்று விளக்கப் பார்த்தேன். அவள் மிச்ச லீக்ஸை வெட்டினாள், என்னைப் பார்த்தபடி.

வெள்ளிக்கிழமை தகட்டை மீட்டு வந்தேன். அலுவலர் ஒரு சிரிப்பும் சிரிக்கவில்லை; அதுதான் கூடுதலாகச் சுட்டது. பெட்டியின் மேல் 'ரெய்னர்ஸ் லேன், இருபதாம் நூற்றாண்டின் கடைசி' என்று ஒட்டியிருந்தார். சனிக்கிழமை ஐயர் வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது சரிவராது அண்ணை. விரிச்சாப்பிறகு என்ன கிடக்கு? புதுசுதான் வைக்கோணும்."

"ஒண்டுதானே ஐயா?"

"நாலு. பழசு மற்ற மூண்டையும் முதல் எடுங்கோ."

"அது எங்க கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"ஏன், உங்கட மிஷின் என்னத்துக்கு?" என்றாள் பரமேஸ்வரி, கதிரையில் இருந்தபடி.

ஆக, மழைக்குள் நான் முன்னே கருவியோடும், பின்னே ஐயர் குடையோடும் வளவைச் சுற்றினோம். இரண்டு சுருள்கள் ஒரு மணித்தியாலத்தில் அகப்பட்டன. மூன்றாவது, கார் நிறுத்தப் பதித்திருந்த கற்களுக்குக் கீழே கிடந்து கத்தியது. அந்தக் கற்களைப் பதிக்க வைத்தவன் நான். பதிக்கவேண்டாம், கீழே தகடு இருக்கு என்று அப்போதே சொன்னதாக அவள் சொல்கிறாள். நான் அப்போது கல் எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

கல் பெயர்க்கிற ஆள் வந்து, பெயர்த்து, புதுத் தகடுகள் நாலும் மண்ணுக்குள் போனபோது பின்னேரம் ஐந்தரை.

திங்கட்கிழமை அவள் போனாள். பச்சை அங்கியோடு படுத்திருந்தவளிடம் தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "உடம்புக்குள் ஏதாவது உலோகம் இருக்கிறதா?"

பரமேஸ்வரி என் பக்கம் கையைக் காட்டி, தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னாள். "உடம்பில் இல்லை. வளவில் நாலு இருக்கிறது. நான் மயங்கிக் கிடக்கும்போது இந்த மனிசன் போய்த் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

இப்போது அவள் மாடிப்படியில் எனக்கு முன்னால் ஏறுகிறாள். அந்த முழங்காலுக்குள் உலோகம் இருக்கிறது என்பதால், தைலம் பூசிவிட நான் பக்கத்தில் குந்தினாலே மகள் அடுத்த அறையிலிருந்து கத்துவாள்: "அம்மா, கவனம்! அப்பா கண்டுபிடிச்சிட்டார்!" பேரப்பிள்ளைகளும் அதையே கத்தப் பழகிவிட்டார்கள்.

முழங்கால் அரசாங்கச் செலவு. என் செலவு: ஐயருக்கும் தகடுகளுக்கும் நானூற்றொன்று, கல் பெயர்த்துப் பதிக்க அறுநூற்று நாற்பது, அலுவலருக்கு முன்னால் முகத்தை மறைக்க வாங்கிய கோப்பி மூன்று எண்பது. ஆக மொத்தம் ஆயிரத்து நாற்பத்து நான்கு பவுண், எண்பது பென்ஸ்.