மருமகனின் நட்டுவக்காலிக்கு அங்க அடையாளம் வேண்டி

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

பொத்துவில் வாழும் பெருமதிப்புக்குரிய சம்பந்தி அப்துல் ஸமட் காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் உங்களுக்கு உடல் நலத்தையும் உங்கள் வயலுக்கு வேண்டிய மழையையும் தருவானாக. இங்கே மழை வேண்டியதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம். கடிதம் என்றால் சுகம் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், அதனால் எழுதினேன். தொலைபேசியில் கதைத்திருக்கலாம், ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பீர்கள், வீடு முழுக்கக் கேட்கும், அப்படியே கொழும்பில் பயிற்சிக்குப் போயிருக்கும் உங்கள் மகன், என் மருமகன் றமீஸின் காதுக்கும் போய்விடும். அவருக்கு இது தெரியவே கூடாது. ஆகவேதான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மருமகன் கண்ணாடிப் பெட்டியில் ஆசையாக வளர்க்கும் கருந்தேளை, அதுதான் அந்த நட்டுவக்காலியை, காணவில்லை. நான் குறை சொல்லவில்லை காக்கா. ஒருவர் மீன் வளர்ப்பார், ஒருவர் கிளி வளர்ப்பார், உங்கள் மகன் இதை வளர்க்கிறார். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையோடு வேறு என்னென்ன வரும் என்று கேட்காதது எங்கள் பிழை. வீட்டை மகள் றுஸ்தாவின் பேரில் சீதனமாக எழுதிவிட்டு நானும் அவளுடைய உம்மாவும் பின்பக்கத்து அறைக்குப் போனது நீங்கள் அறிந்ததே. மாப்பிள்ளை வீட்டில் மாப்பிள்ளை வளர்ப்பதை நான் எந்த வாயால் கேட்பது? அவர் போன பிறகு கரப்பான் பூச்சி போடலாம் என்று பெட்டியைப் பார்த்தால், மூடி ஒரு பக்கம் கிடக்கிறது, உள்ளே மணல்தான் இருக்கிறது. வீடெல்லாம் தேடினேன். பிறகு குளியலறை வாளிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று பிடித்துப் பெட்டியில் விட்டு நிம்மதியாகப் படுத்தேன். விடிந்து பார்த்தால் தேங்காய் மட்டைக்குள் இன்னொன்று, அதே கறுப்பு, அதே பருமன்.

இந்த மழைக்கு எல்லா வீட்டு வளவிலும் இவை ஏறத்தான் செய்யும். வேறு வீடாக இருந்தால் செருப்பை எடுத்து அடித்திருப்பார்கள். றுஸ்தாவின் உம்மாவும் எடுத்தாள். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். “அடிச்சிராத, மாப்பிள்ளைட சாமானா இரிந்தா என்ன செய்யிற?” என்றேன். அன்றிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் ஜாம் போத்தலில் அடைத்து, மூடியில் துளை போட்டு, எது மாப்பிள்ளையுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையும் விருந்தாளி போலக் கவனித்து வருகிறேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மரியாதையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது ஊரெல்லாம் கரப்பான் தேடித் திரிகிறேன். மகளிடம் போத்தல்களைக் காட்டி எது என்று கேட்டால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

அடையாளம் காண நான் படாத பாடு இல்லை. இருட்டில் நீல லைட் அடித்தால் தெரியும் என்று யாரோ சொன்னதால், கள்ளநோட்டுப் பார்க்கும் லைட்டை பசார் புடைவைக் கடையில் இரவல் வாங்கி வந்து அடித்தேன். எல்லாமே ஒரே மாதிரிப் பச்சையாக மின்னின. பாண்டிருப்பிலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்கும் ஜீவராஜ் மாஸ்டரை அழைத்து வந்தேன். அவர் கொடுக்கின் நுனியில் சிவப்பு இருக்கிறதா, இடுக்கியில் மணல் ஒட்டினது போல முள்முள்ளாக இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்றெல்லாம் என்னைப் பார்க்கச் சொன்னார். பிறகு, வயிற்றுக்கு அடியில் சீப்புப் போல ஒன்று இருக்கும், அதன் பல்லை எண்ணினால் ஆணா பெண்ணா என்று சொல்லலாம் என்றார். யார் புரட்டிப் பிடிப்பது என்று கேட்டேன். மாஸ்டருக்குத் திடீரென்று டியூஷன் நினைவு வந்துவிட்டது.

இனித்தான் பயம். ஐந்தாவதாக அகப்பட்டது கொஞ்சம் சிறியது, மண்ணிறம் கலந்த கறுப்பு. மருமகன் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்: “மாமா, இடுக்கி மொத்தமா, வால் மெல்லிசா இரிந்தா பயப்படத் தேவல்ல. மாறி இரிந்தா கிட்டப் போகாதீங்க.” இது மாறித்தான் இருக்கிறது. இடுக்கி ஈர்க்குப் போல, வால் என் சின்ன விரல் பருமன். அது அகப்பட்டது தவழத் தொடங்கியிருக்கும் நம் பேத்தியின் பாய்க்கு அடியில். மகளிடம் நான் சொல்லவில்லை. அடிக்கக் கை ஓங்கினேன். ஆனால் மருமகனைக் காணாத ஏக்கத்தில் இடுக்கி மெலிந்திருக்குமோ என்று ஒரு யோசனை வந்தது. அதையும் போத்தலில் போட்டுவிட்டேன். அதிலிருந்து எனக்கு உறக்கமில்லை.

உங்கள் வளவில் பிடித்ததைத்தான் மருமகன் கொண்டுவந்தார் என்பதால், அதன் நிறம், இடுக்கி, வால், மயிர் எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்புங்கள். அவர் வருமுன் சரியானதைப் பெட்டியில் வைத்துவிட்டால் என் மானம் தப்பும். உங்கள் வீட்டில் பெரியவர், சிறியவர் அனைவருக்கும் எங்கள் சலாம். அல்லாஹ் நம் இரு குடும்பத்தையும் மனத்தாங்கல் இல்லாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் துஆவை நாடும்,
பக்கீர் முகைதீன்

பி.கு.: உறையில் போடுமுன் தேநீர் கொண்டுவந்த மகள் இதை எடுத்து வாசித்தாள். பாயைப் பற்றிய இடம் வந்ததும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். “அவர் போன அண்டைக்கே பெட்டியில இரிந்ததக் கொண்டுபோய் வயல் கரையில விட்டுட்டன் வாப்பா. புள்ள தவழுது எண்டுதான். சொன்னா மாப்பிள்ளைட மனம் நோகும் எண்டு எனக்குத்தானே ஏசுவீங்க” என்றாள். ஓம், ஏசியிருப்பேன். தேளுக்குப் பயப்பட்டதைவிட என் மகள் எனக்குப் பயந்திருக்கிறாள், காக்கா. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை. வால் பருத்ததை அடித்துவிட்டேன். மற்றவற்றை ஜீவராஜ் மாஸ்டர் தூரத்தில் விடக் கொண்டுபோகிறார். அங்க அடையாளம் எதுவும் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை மருமகனுக்கே போனில் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் என்னோடு கதைக்கட்டும், என் மகளோடு வேண்டாம்.