அட்ரஸ் புக்கில் இருந்த அளவுகள்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க தையல்காரங்க குழுவைப் பழைய இணையதளத்துலேர்ந்து புது தளத்துக்கு மாத்தணும்.

குழுன்னா பெரிசா நினைச்சுக்காதீங்க. தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் வீட்டுலயே பிளவுஸ் தைக்கிற முப்பது பொம்பளைங்க. கை தூக்கினா அக்குள்ல பிடிக்குது, என்ன பண்றதுன்னு ஒருத்தி மெயில் போடுவா. இன்னொருத்தி பதில் போடுவா. இதை ஆரம்பிச்ச மீனாக்கா, வீட்டுக்காரருக்கு மாற்றலாகி கோயம்புத்தூர் போனப்போ பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க.

"கோமதி, பழைய தளத்தை சனிக்கிழமை மூடறாங்களாம். அதுக்குள்ள புதுசுல சேரச் சொல்லி எல்லாருக்கும் அழைப்பு அனுப்பிடு. வேற ஒண்ணுமில்ல," முந்தின நாள் போன்ல சொன்னாங்க.

எட்டாவதோட படிப்பை நிறுத்தினவகிட்ட 'வேற ஒண்ணுமில்ல'ன்னு சொல்லக்கூடாது. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லை.

காலையில கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஓனர் பாஸ்கர் அண்ணா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, மறுபடியும் பாஸ்வேர்டு மறந்துட்டியா?"

"இல்லண்ணா. எழுதி வச்சிருக்கேன்."

"எங்க?"

துணி வெட்டற மேஜையில. சாக்பீஸால. வீட்டுக்கு போன் போட்டேன். என் பொண்ணு வாசிச்சா.

"கடைசி நம்பர் மூணா எட்டான்னு தெரியலம்மா. அதுமேலதான் நீ பட்டுப் பிளவுஸ் வெட்டினே."

ரெண்டையும் போட்டுப் பார்த்தேன். எட்டு.

அழைப்பை இங்கிலீஷ் எழுத்துல தமிழா அடிச்சு முடிச்சேன். அப்புறம் என் மெயில் அட்ரஸ் புக்ல பேர் பேரா டிக் பண்ணணும். ஆறாவது பேர்லயே கழுத்து வலிச்சுது.

"மேல ஒரு கட்டம் கீது பாருக்கா. அதைத் தட்டினா மொத்தமும் வந்துடும்," என்றார் பாஸ்கர் அண்ணா.

தட்டினேன். மொத்தமும் வந்தது. அனுப்பினேன். குழுவையே தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் கரை சேர்த்துட்ட மாதிரி ஒரு பெருமை. எதிர்க்கடையில ரெண்டு பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டேன்.

ரெண்டாவது பஜ்ஜியில போன் வந்துச்சு. சிட்லபாக்கம் சுமதி, அவளும் தையல்காரிதான்.

"அக்கா, அழைப்பு வந்துச்சு. ஆனா நம்ம குழுவுல எதுக்கு விமலா டீச்சர்?"

"எந்த விமலா டீச்சர்?"

"'விமலா டீச்சர், சொல்றது 36, இருக்கறது 40'ன்னு போட்டிருக்கே, அந்த விமலா டீச்சர்."

மிச்ச பஜ்ஜியைக் கீழ வச்சேன்.

கழுத்து டிசைன் படம் அனுப்பற கஸ்டமருங்க மெயிலும் அதே அட்ரஸ் புக்லதான் இருந்துச்சு. அளவு நோட்டுல எழுதற மாதிரியே அதுலயும் எழுதி வச்சிருந்தேன். 'ரேவதி டீச்சர் 42.' 'மேடவாக்கம் கலா, வலது தோள் இறக்கம், சொல்லக்கூடாது.'

"எல்லார் பேரும் எல்லாருக்கும் தெரியுமா சுமதி?"

"ரேஷன் கடை போர்டு மாதிரி வரிசையா தெரியுதுக்கா."

திரும்ப ஓடினேன். "அண்ணா, போன மெயிலைத் திருப்பி இழுக்க முடியுமா?"

"முடியாதுக்கா."

"கரண்ட்டை நிறுத்தினா?"

"உனக்குத்தான் இருட்டாகும்."

என் மூளை அப்பத்தான் சுறுசுறுப்பாச்சு. 'தயவு செஞ்சு முதல் மெயிலைப் படிக்காதீங்க'ன்னு ஒரு மெயில் அடிச்சு, அதே கட்டத்தைத் தட்டி எல்லாருக்கும் அனுப்பினேன். படிக்காம இருந்தவங்களும் தேடி எடுத்துப் படிச்சாங்க. ரெண்டாவதுலயும் அதே பேருங்க, அதே அளவுங்க.

விமலா டீச்சர் சும்மா ஆளில்லை. ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லித் தர்றவங்க. அந்த ஸ்கூல் டீச்சருங்க அத்தனை பேரோட தீபாவளி பிளவுஸும் அவங்க கை காட்டித்தான் என்கிட்ட வருது. அவங்க போனா மொத்தமும் போச்சு.

மறுநாள் காலையில வாசல்ல வந்து நின்னாங்க. கையில பெரிய பை. கொடுத்த துணியெல்லாம் திருப்பி வாங்கத்தான் வந்திருக்காங்கன்னு புரிஞ்சுது.

"நாப்பதா கோமதி?"

"லைனிங் சேர்த்து டீச்சர்."

தெரு பக்கம் ஒரு தடவை பார்த்தாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தினாங்க. "ரேவதிக்கு நாப்பத்திரண்டா?"

நான் அளவு நோட்டை மூடி வச்சேன். தொழில் ரகசியம்னு ஒண்ணு இருக்கில்ல.

"ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் என்னை வாக்கிங் போகச் சொன்னா அவ." பையை மேஜை மேல கவுத்தாங்க. உள்ளே எட்டு பிளவுஸ் துணி. "இனிமே எனக்கு நாப்பதுலயே தை. கிளம்பு, உன் குழுவை நானே மாத்தித் தர்றேன்."

பிரவுசிங் சென்டர்ல பக்கத்து பக்கத்துல உட்கார்ந்தோம். தையல்காரங்களை மட்டும் பொறுக்கி எடுத்து அரை மணியில முடிச்சாங்க. "என் மெயில்லேர்ந்து உனக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பியிருக்கேன், வந்துச்சா பாரு."

வந்திருந்துச்சு. மேல, அவங்க அட்ரஸ் புக்ல இருக்கற என் பேரும் சேர்ந்தே வந்திருந்துச்சு: 'கோமதி டெய்லர், சொல்றது வெள்ளி, தர்றது அடுத்த வெள்ளி.'

அளவு சரியாத்தான் எடுத்திருக்காங்க.