சக மாணவர் இருவர்

“சக மாணவர் இருவருக்கு மறுமொழி எழுதவில்லை. இந்த வார மதிப்பெண்: பூஜ்யம்.”

திரையில் சிவப்பாக நின்ற வரியைக் கரடி மறுபடி படித்தான். பிறகு மேசையை ஓங்கிக் குத்தினான். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கைதான் வலித்தது. அதற்கும் சேர்த்துக் கல்லூரியைத் திட்டினான்.

கரடி என்பது குளிர்கிடங்கில் வைத்த பெயர். உறைந்த மீனுக்கும் இறைச்சிக்கும் நடுவே இரவெல்லாம் தடித்த கோட்டோடு உலாவுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பதினோரு வருஷமாக இரவு வேலை. ஊரே விழித்திருக்கும்போது ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கவிட்டுக்கொண்டு தூங்குகிற பிழைப்பு. இப்போது பகல் ஷிப்டுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டியிருந்தது. அனுபவத்தில் அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஆனால் பட்டம் வேண்டும் என்றார் மேலாளர்.

வாலிபத்தில் பாதியில் விட்டு ஓடிவந்த படிப்பில் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. உலக வரலாறு. அதை ஆன்லைனில் முடித்துக் காட்டினால் பகல் வெளிச்சம் அவனுக்கு. மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் அந்த நாற்காலி முதலாளியின் மச்சானுக்கு. மச்சானுக்குப் பட்டம் இருந்தது. மீனையும் இறைச்சியையும் அடையாளம் கண்டுபிடிக்கத்தான் தெரியாது.

பாடத்தின் விதிமுறைகள் பாடத்தைவிட நீளம். அதில் ஒன்று இது: வாரம் ஒரு கேள்விக்கு விவாதப் பலகையில் பதில் எழுத வேண்டும். பிறகு சக மாணவர் இருவர் எழுதியதைப் படித்து, ஒவ்வொருவருக்கும் மரியாதையோடு, நூறு சொல்லுக்குக் குறையாமல் மறுமொழி எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

சிக்கல் என்னவென்றால், சக மாணவர் என்று ஒருவரும் இல்லை. இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியிருந்த ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளரும் முந்தின வாரம், ‘எல்லோருக்கும் என் வாழ்த்துகள்’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் என்பது கரடி ஒருவன்.

கல்லூரிக்குப் போன் செய்தான். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண்குரல் சொன்னது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

“முக்கியம்னா எடுத்துப் பேசு!” என்று கத்தினான். அது பதிவுசெய்த குரல். கோபித்துக்கொள்ளவில்லை.

பேராசிரியருக்கு எழுதினான். உடனே பதில் வந்தது. ‘விதிமுறைகள் அனைவருக்கும் பொது.’

“அனைவரும்னா யாருடா? நான்தான்டா அனைவரும்!”

வாசலில் செருப்பைக் கழற்றிய மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. அவள் குத்துவது குத்துப்படுகிறவருக்கே தெரியாது.

“யாரோட சண்டை?”

“இல்லாத ரெண்டு பேருக்கு நான் பதில் எழுதணுமாம்.”

“இல்லாதவங்களோட சண்டை போடறது உங்களுக்குப் புதுசா என்ன?”

அவளை முறைக்கத் திரும்பியவன் கண்ணில், திரையின் மூலையில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைப் பொத்தான் பட்டது. ‘எப்போது வேண்டுமானாலும் சேரலாம்.’

முறைப்பு பாதியில் கரைந்தது. “உட்காரு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை. அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

“நீ இதுல சேரு. ரெண்டு வரி எழுது. நான் அதுக்கு பதில் எழுதி மார்க் வாங்கிக்கறேன்.”

“எனக்கு வரலாறு எல்லாம் வராதுங்க.”

“வரக்கூடாது. அதான் வேணும்.”

சேர்த்துவிட்டான். பேரரசுகள் ஏன் வீழ்கின்றன என்பது அந்த வாரக் கேள்வி. சாதத்தை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவள் எழுதினாள்:

‘அரசன் பகலெல்லாம் தூங்குகிறான். விழித்திருக்கும் கொஞ்ச நேரத்திலும் கத்துகிறான். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், நாளைக்குப் பார்க்கலாம் என்கிறான். அந்த நாளைக்குத்தான் பகைவர்கள் உள்ளே வருகிறார்கள்.’

பேராசிரியர் கீழே எழுதியிருந்தார்: ‘நிர்வாகச் சீர்கேட்டை இவ்வளவு கூர்மையாக யாரும் சொன்னதில்லை. முழு மதிப்பெண்.’

கரடிக்குக் காது சிவந்தது. ஆனால் மறுமொழி எழுதியாக வேண்டும். ‘மதிப்பிற்குரிய சக மாணவி அவர்களுக்கு’ என்று மரியாதையாகத்தான் தொடங்கினான். ‘அந்தக் குழாயை மட்டமான கடையில் வாங்கி மாட்டியது அரசன் அல்ல, அரசியின் தம்பி’ என்பதில் கொண்டுபோய் முடித்தான்.

‘தனிநபர் தாக்குதல். சான்று இல்லை. பத்து மதிப்பெண் கழிக்கப்படுகிறது.’

“சான்று இல்லையா? வந்து குழாயைப் பாக்கச் சொல்லு அந்தாளை!”

“என் தம்பியை உலக வரலாத்துல இழுத்ததுக்குப் பத்தே மார்க்தான் போச்சேன்னு சந்தோஷப்படுங்க” என்றாள் அவள், தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்து.

இன்னும் ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டில் மிச்சமிருந்தவர் மாமனார். ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். ரயில்வேதான் ஓய்வு கொடுத்திருந்தது, அவர் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. தபால்காரரைக்கூட ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார்.

“மாமா, சும்மா பேருக்குச் சேருங்க. வேற வேலை ஒண்ணும் இல்ல.”

“பேருக்குச் சேர்றதா? அது தப்பு மாப்ள. சேர்ந்தா ஒழுங்கா சேரணும்.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிமுறைகளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். சத்தமாக. அன்று பகல் கரடி தூங்கவில்லை. கறுப்புத் துணி வெளிச்சத்தைத்தான் தடுக்கும், மாமனாரைத் தடுக்காது.

அடுத்த வாரம், புரட்சிகள் எப்போது வெடிக்கின்றன என்ற கேள்விக்கு அவர் எழுதினார்: ‘பொதுப் பெட்டியில் ஒற்றைக்காலில் நிற்கிறவன், முதல் வகுப்பில் காலை நீட்டிப் படுத்திருப்பவனை எட்டிப் பார்க்கிற அன்று புரட்சி வெடிக்கிறது. அன்றும் இருவரிடமும் டிக்கெட் கேட்கத்தான் வேண்டும்.’

முழு மதிப்பெண்.

தூக்கம் கெட்டுப்போன கரடி, இணையத்தில் கிடைத்த இரண்டு பத்திகளை அப்படியே எடுத்துப் பலகையில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான். காலையில் திரும்பியபோது மாமனார் கூடத்திலேயே காத்திருந்தார்.

“மாப்ள, ‘உற்பத்தி உறவுகளின் முரண்’னு எழுதியிருக்கீங்களே, அப்படின்னா என்ன?”

“உங்களுக்கும் எனக்கும் இருக்கே, அது.”

“சொந்தமா எழுதினதில்லன்னு நினைச்சேன். சரியாத்தான் நினைச்சிருக்கேன். பேராசிரியருக்குத் தகவல் குடுத்தாச்சு.”

கரடி கையிலிருந்த சாப்பாட்டுப் பையைத் தரையில் போட்டான். “என்னையே போட்டுக் குடுத்தீங்களா?”

“டிக்கெட் இல்லாதவன் யாரா இருந்தா என்ன மாப்ள? என் கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாவையே பாதி வழியில இறக்கி விட்டவன் நான். அவர் கையில நான் கட்ட வேண்டிய தாலி இருந்தது. அப்பவும் விடலை.”

அந்த வாரமும் பூஜ்யம். போதாததற்குக் கல்லூரியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வகுப்பில் இப்போது மூவர் இருப்பதால் தரவரிசை முறை அமலுக்கு வருகிறதாம். கடைசி இடத்தில் நிற்பவருக்குத் தேர்ச்சி கிடையாதாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய தேர்வுகளை மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வேறு. அவற்றை மனைவி பஸ்ஸில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் போனிலேயே எழுதித் தள்ளினாள். முதல் இடம் அவளுக்கு. இரண்டாமிடம் மாமனாருக்கு. மூன்றாவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

“ரெண்டு பேரும் இன்னைக்கே விலகுறீங்க” என்றான் கரடி, சாப்பாட்டு மேசையைத் தட்டி.

“விலகினா குறிப்புல கறுப்புப் புள்ளி விழும் மாப்ள. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ளி வாங்கினதில்ல.”

“நீயாவது விலகு.”

மனைவி சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். “பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் நான் முதல் மார்க் வாங்கறது இப்பதாங்க. அதுக்குள்ள விலகச் சொல்றீங்க.”

பதில் இல்லாதபோது அவன் குரலை உயர்த்துவான். உயர்த்தினான்.

“அந்தப் பகல் வேலை போச்சுன்னா காலம் முழுக்க மீனோட மீனா நானும் உறைஞ்சு கிடக்கணும். தெரியுமா உனக்கு? பகல்ல உன்னோட உக்காந்து ஒரு வாய் காபி குடிச்சிருக்கனா நான்? அதுக்குத்தான்டி இந்த எழவு வரலாறு!”

குளியலறையில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

“சரி. விலக மாட்டேன். கடைசிக் கேள்விக்குத் தப்பா எழுதிடறேன். நீங்க என்னைத் தாண்டிக்கோங்க” என்றாள்.

வரலாற்றில் பெண்களின் பங்கு என்ன என்பது கடைசிக் கேள்வி. அவள் கணவன் கண்முன்னாலேயே எழுதினாள். ‘எனக்கு ஒன்றும் தெரியாது. எழுத வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.’ அவ்வளவுதான். கரடி நிம்மதியாகப் போய்ப் படுத்தான். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

எழுந்து பார்த்தபோது பேராசிரியர் எழுதியிருந்தார்: ‘மௌனமாக்கப்பட்டவர்களின் வரலாற்றை இரண்டே வரியில், மௌனத்தாலேயே சொல்லிவிட்டீர்கள். என் கண் கலங்கியது. முழு மதிப்பெண்ணும், மேலும் ஐந்தும்.’

அதற்கு நூறு சொல்லில் கரடி எழுதிய மறுமொழியை இங்கே சொல்ல முடியாது. மரியாதைக்கான மதிப்பெண்ணில் கழிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் பேராசிரியர் வருகைப் பதிவிலிருந்து கழித்தார்.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. மூன்றாமிடம். தேர்ச்சி இல்லை. அன்று மாலையே முதலாளியின் மச்சான் மேற்பார்வையாளர் சட்டையைப் போட்டுப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முன்பே அளவெடுத்திருப்பார்கள்.

மறுநாள் காலை, வேலை முடிந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் கரடி கல்லூரியைத் தேடிப் போனான். ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது கல்லூரி. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. போனை எடுக்காத ஓர் எழுத்தர் அம்மாள் சாவகாசமாகத் தாள்களைச் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பார்த்துவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

“உக்காருங்க சார். என்ன விஷயம்?”

“உக்கார வரலை. ஒரே வீட்டு ஆளுங்களை ஒரே வகுப்புல போட்டு வரிசை பாக்கறீங்களே, இது காலேஜா, இல்ல என்னைக் கழுத்தறுக்க வெச்ச கடையா? அவங்க ரெண்டு பேரையும் கேன்சல் பண்ணுங்க. என் மார்க்கைத் திரும்பப் போடுங்க!”

“அவங்க ரெண்டு பேரும் நல்லா எழுதறாங்களே சார். உங்க சம்சாரத்தை அடுத்த பாடத்துக்கும் சேரச் சொல்லி பேராசிரியர் எழுதியிருக்கார்.”

“அவளுக்கு ஏதும்மா பாடம்? அவளைச் சேர்த்து விட்டதே நான்!”

“மாமனாரை?”

“அவரையும் நான்தான்!”

எழுத்தர் அம்மாள் பின் அடிப்பதை நிறுத்தினார். “நல்லா தனியாத்தானே இருந்தீங்க. எதுக்கு சார் சேர்த்து விட்டீங்க?”

“எதுக்கா? வகுப்புல நான் ஒருத்தன் மட்டும் இருந்தா எப்படிம்மா பாஸ் ஆக முடியும்?”

அந்த அம்மாள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஒரே ஆளுக்காக வாத்தியாரை வெச்சு நடத்தினா கட்டுப்படி ஆகாதுன்னு, கடைசியா மிஞ்சற ஆளுக்கு பாஸ் போட்டு வகுப்பை மூடிடறதுதான் சார் இங்க வழக்கம், உங்களுக்கும் அன்னைக்குச் சாயங்காலமே போட்டிருப்போம், அதுக்குள்ள உங்க சம்சாரம் வந்து சேர்ந்துட்டாங்க.”